செப்டம்பரில் விழுந்த வாத்து டிசம்பரில் விழவில்லை: எந்த சோக் வாங்கலாம்?

ஈரிக்கரையான் (ஒன்டாரியோ)

அனைவருக்கும் வணக்கம். ஈரி ஏரியின் வடகரைப் பக்கம், அறுவடை முடிந்த சோளக்காடுகளில் கனடா வாத்து வேட்டைக்குப் போகிறவன் நான். செப்டம்பரில் நன்றாகவே சுட்டேன். குளிர் இறங்கியதிலிருந்து எதுவும் சரியில்லை. போன வாரம் காலையில் ஒரு கூட்டம் பொம்மை வாத்துகளை நோக்கிச் சிறகை மடக்கிக்கொண்டு இறங்கியது. நான் மூன்று தோட்டாவும் சுட்டேன். ஒரு இறகு கூட உதிரவில்லை. பக்கத்தில் படுத்திருந்த நண்பர் "எல்லாம் பின்னால் போனது" என்கிறார். அவர் எப்போதும் அதைத்தான் சொல்வார்.

என்னிடம் இருப்பது 12 போர் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் (ஒரே தோட்டாவில் பல சிறு ரவைக் குண்டுகளைச் சுடும் துப்பாக்கி), கூடவே வந்த மாடிஃபைட் சோக் (ரவை பரவும் அகலத்தைக் குறுக்க, குழல் வாயில் பொருத்தும் நடுத்தர இறுக்கமுள்ள குழாய்). தொலைதூரத்துக்கென்று விற்கிற இறுக்கமான சோக் ஒன்றும் மூன்றரை அங்குலத் தோட்டாப் பெட்டிகளும் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். எந்த சோக் நல்லது?

பழைய துவக்கு (ஒன்டாரியோ)

தம்பி, பணப்பையை மூடி வையுங்கள். முதலில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

வாத்து எவ்வளவு தூரத்தில் இருந்தது? உடம்பில் என்ன உடுப்பு? நின்று சுட்டீர்களா, படுத்திருந்து எழும்பிச் சுட்டீர்களா? விசையை அழுத்துகிற நேரத்தில் உங்கள் கண் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது?

நாலாவது கேள்விக்கு யோசித்துப் பதில் எழுதுங்கள். "வாத்தைத்தான் பார்த்தேன்" என்று எல்லோரும் சொல்வார்கள்.

கணக்குப்பிள்ளை (மிசிசாகா)

நண்பர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கனடா வாத்து சாதாரணமாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். எஃகு ரவை குழலைவிட்டு நொடிக்கு 425 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும் வழியில் விரைவாக வேகம் இழக்கிறது. 30 மீட்டர் தூரத்துக்குச் சராசரியாக 340 என்று எடுத்துக்கொண்டால், போய்ச் சேர 0.09 நொடி ஆகும். அதற்குள் வாத்து ஒன்றரை மீட்டர் நகர்ந்துவிடும். வாத்தின் முழு நீளமே சுமார் ஒரு மீட்டர்தான். ரவைக் கூட்டத்தின் பயனுள்ள அகலம் 75 சென்டிமீட்டர் என்று கொண்டால், குறுக்கே பறக்கும் வாத்தின் உடம்பைப் பார்த்துச் சுட்டால் ரவை மொத்தமும் வாலுக்குப் பின்னால்தான் போகும்.

இதைவிட மோசமானது குழலை நிறுத்துவது. சரியான இடைவெளி வந்துவிட்டது என்று மனது முடிவெடுத்து விரல் அசைவதற்குக் குறைந்தது 0.2 நொடி ஆகும். அந்த நேரம் குழல் நின்றுவிட்டால் வாத்து கூடுதலாக மூன்று மீட்டருக்கு மேல் தாண்டிவிடும். சோக்கை இறுக்கினால் ரவைக்கூட்டம் இன்னும் ஒடுங்கும். பின்னால் போவது அதே பின்னால்தான், இன்னும் நெருக்கமாகப் போகும்.

பனிவாடை (சஸ்காட்சுவான்)

கணக்குப்பிள்ளை ஐயாவின் கணக்கில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒன்றரை மீட்டரை வானத்தில் அளக்கப் போனவர்கள்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். வாத்துக்கும் குழலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டுமானால் கண் வாத்தைவிட்டுக் குழலுக்கு வர வேண்டும். கண் குழலுக்கு வந்த நொடியில் கை நின்றுவிடுகிறது. எல்லைக்கோட்டில் கேட்ச் பிடிக்கிறவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டா ஓடுகிறான்?

நான் கற்றுக்கொண்ட வழி இது. குழல் வாத்தின் பின்னாலிருந்து கிளம்புகிறது. வால், உடம்பு, அலகு என்று அதன் பாதையிலேயே தடவிக்கொண்டு போகிறது. அலகைத் தாண்டும்போது விசை. அழுத்திய பிறகும் குழல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வாத்து வேகமாகப் பறந்தால் அதைப் பிடிக்க என் குழலும் வேகமாக ஓட வேண்டியிருக்கும், அதனால் முன் இடைவெளியும் தானாகவே கூடிவிடும். கூட்டல் பெருக்கலுக்கு அங்கே நேரமும் இல்லை.

இன்னொன்று, கனடா வாத்து பெரிய உடம்பு. பெரிதாக இருப்பதால் கிட்டத்தில் இருப்பதுபோலவும் மெதுவாகப் போவதுபோலவும் தெரியும். டீல் என்ற சின்னத் தாரா விருட்டென்று போகிறது என்று எல்லோரும் பயந்து குழலை வீசுகிறோம். வாத்தைப் பார்த்ததும் சோம்பிவிடுகிறோம்.

ஈரிக்கரையான்

பழைய துவக்கு அண்ணா கேட்டதற்குப் பதில். தூரம் 45 மீட்டர் இருக்கலாம், சரியாகத் தெரியவில்லை. உடுப்பு: கம்பளிச் சட்டை, அதன்மேல் தடித்த பார்க்கா (குளிர் அங்கி). படுக்கை மறைவில் படுத்திருந்து எழும்பிச் சுட்டேன். கண்ணைப் பற்றி உண்மையைச் சொன்னால், கடைசி நேரத்தில் குழல் முனையில் குறிக்காக உள்ள சின்ன மணியை ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்வது என் பழக்கம்.

பனிவாடை அக்கா, நீங்கள் சொல்வதுபோல வீசினால் எங்கே சுடுகிறோம் என்றே தெரியாமல் போகாதா?

பழைய துவக்கு

கேட்டது கிடைத்துவிட்டது. தம்பி, உங்கள் சோக்கில் ஒரு குறையும் இல்லை.

முதலில் பார்க்கா. துவக்கு தோளுக்கு வரும்போது பிடங்கு, அதாவது தோளில் பதியும் பின்கட்டை, கக்கத்துக்குக் கீழே துணியில் சிக்குகிறது. பிறகு அதை இழுத்துத் தள்ளி எங்கேயோ ஒரு இடத்தில் நிறுத்துகிறீர்கள். பெரும்பாலும் அது தோள் பள்ளத்தில் இல்லாமல் புயத்தின்மேல் போய் உட்கார்ந்திருக்கும். தடித்த துணி நடுவே இருப்பதால் பிடங்கு ஒரு விரல் அகலம் நீண்டதுபோல் ஆகிவிடுகிறது. கன்னம் பழைய இடத்துக்கு வராமல் பின்னால் நிற்கிறது. பிடங்கின் மேல்விளிம்பு பின்னால் போகப் போகச் சரிவாக இறங்குவதால் உங்கள் கண்ணும் இறங்கிவிடும். ஷாட்கனில் பின்குறி என்று தனியாக ஒன்றும் கிடையாது, உங்கள் கண்தான் பின்குறி. அது இறங்கினால் சுடுகிற ரவையும் கீழே போகும். செப்டம்பரில் மெல்லிய சட்டையோடு இருந்தீர்கள், எல்லாம் பொருந்தியிருந்தது. டிசம்பரில் அதே துவக்கு வேறொருவனுடைய துவக்காக ஆகிவிட்டது.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. துவக்கில் தோட்டா இல்லை என்பதை, குழலின் தோட்டா அறையையும் மகசீனையும் விரலால் தடவி இரண்டு முறை பாருங்கள். தோட்டாப் பெட்டி நீங்கள் பயிற்சி செய்யும் அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. ஒரு மெல்லிய டார்ச்சை டேப் சுற்றிக் குழல் வாயில் அசையாமல் செருகுங்கள். வேட்டைக்குப் போகும் அதே பார்க்காவைப் போட்டுக்கொள்ளுங்கள். சுவரும் கூரையும் சேருகிற கோட்டில் ஒரு மூலையைப் பார்த்தபடி நில்லுங்கள், பிடங்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். இனி துவக்கைத் தோளுக்குக் கொண்டு வாருங்கள். நேராக மேலே தூக்காமல், இரண்டு கையாலும் சற்று முன்னால் தள்ளிப் பிறகு பின்னால் எடுங்கள், அப்போது துணியில் சிக்காது. தலை குனிந்து பிடங்கைத் தேடக் கூடாது, பிடங்குதான் கன்னத்தைத் தேடி வர வேண்டும். முதலில் கன்னம், பிறகு தோள். வெளிச்சம் அந்த மூலையிலேயே விழுகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தக் கோட்டின் நீளத்துக்கு வெளிச்சத்தை ஓட்டுங்கள். முதல் நாள் வெளிச்சம் பாம்புபோல நெளியும். கையால் ஓட்டினால் நெளியும், இடுப்பால் திரும்பினால் நேராகப் போகும்.

மணியைப் பார்க்கிற பழக்கத்துக்கு மருந்து கடுமையானது. ஒரு கறுப்பு டேப் எடுத்து அந்த மணியை மூடிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை

டேப் ஒட்டுவதற்கு முன் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். துப்பாக்கி எங்கே சுடுகிறது என்று தெரியாமல் கண்ணை நம்பு, கையை நம்பு என்று சொல்வது எனக்கு ஒத்துவராது.

இரண்டு சோதனைகள். ஒன்று, 16 கஜத்தில், அதாவது பதினைந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், பெரிய காகிதத்தில் ஒரு புள்ளி வைத்து, குறி பார்க்காமல், வேட்டையில் எடுப்பதுபோலவே தோளுக்கு எடுத்துச் சுடுங்கள். ரவைக்கூட்டத்தின் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்தத் தூரத்தில் ஒரு அங்குலம் விலகினால், பிடங்கு கன்னத்துக்குக் கீழே பதினாறில் ஒரு பங்கு அங்குலம் மாற வேண்டும் என்பது துப்பாக்கியை ஆளுக்கு அளவெடுத்துப் பொருத்துகிறவர்களின் பழைய கணக்கு. மில்லிமீட்டரில் ஒன்றரை. கண் ஆறு மில்லிமீட்டர் இறங்கினாலே 30 மீட்டரில் ஒரு சாணுக்குக் கிட்டத்தட்ட கீழே போய்விடும்.

இரண்டு, 40 கஜத்தில் ரவை எவ்வளவு நிறைகிறது என்று பார்ப்பது. 30 அங்குல வட்டத்துக்குள் ஈய ரவையில், சோக்கின் இறுக்கம் கூடும் வரிசையில், இம்ப்ரூவ்டு சிலிண்டருக்கு 50 சதவீதம், மாடிஃபைடுக்கு 60, ஃபுல்லுக்கு 70 என்று பாடம். எஃகு ரவை நசுங்காது, அதனால் இன்னும் இறுக்கமாகப் போகும். எஃகோடு மாடிஃபைட் ஏறக்குறைய ஃபுல் போலவே நடந்துகொள்ளும். பெரிய எஃகு ரவையை மிக இறுக்கமான சோக்கில் சுடுவது சோக்குக்கும் நல்லதில்லை. எஃகுக்கென்று செய்யாத பழைய துப்பாக்கியில் அதைத் தொடவே கூடாது.

கனடாவில் 1999 முதல் நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எஃகு ஈயத்தைவிட எடை குறைந்தது, சீக்கிரம் வேகம் விழும். அதனால்தான் ஈயத்தில் சுட்டதைவிட இரண்டு அளவு பெரிய ரவை எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் பெரிய ரவை என்றால் எண்ணிக்கை குறையும். எஃகில் 2ஆம் எண் ஒரு அவுன்ஸுக்கு 125 ரவை, அதைவிடப் பெரிய பிபி என்ற அளவில் 72தான். மூன்றரை அங்குலத் தோட்டா தோளை உதைக்கிற உதையில் அடுத்த முறை விசையை அழுத்துமுன்பே கண் மூடிக்கொள்ளும். எனக்கு மூன்று அங்குலம் போதும்.

குளிரும் கொஞ்சம் குற்றவாளிதான். மைனஸ் 10 டிகிரிக் காற்று, 25 டிகிரிக் காற்றைவிடப் பத்துச் சதவீதத்துக்கு மேல் அடர்த்தி கூடியது. ரவை இன்னும் சீக்கிரம் களைத்துப்போகும். ஆனால் மூன்று தோட்டாவும் வீணானதற்கு அது காரணம் இல்லை.

நாரை (சென்னை)

நான் வேட்டைக்காரி இல்லை, பறவை பார்க்கிறவள். ஒன்று கேட்கிறேன். 45 மீட்டர் "இருக்கலாம், சரியாகத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தூரமே தெரியாமல் மூன்று முறை சுட்டால், விழாமல் இரண்டு ரவையைச் சுமந்துகொண்டு பறந்து போகிறதே, அந்த வாத்தின் கணக்கு யார் புத்தகத்தில் எழுதப்படுகிறது? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று வேடந்தாங்கல் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் ஏரிக்குப் பாதுகாப்பு வாங்கிய ஊர்ப்பக்கம் என்னுடையது. அதனால் கேட்கிறேன்.

மட்டுறுத்துநர்

நாரையின் கேள்வி இழைக்குப் பொருத்தமானது, நீக்கவில்லை. ஒரு நினைவூட்டல்: இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். அங்கிருந்து எழுதுபவர்கள் வேட்டை பற்றி இங்கே ஆலோசனை கேட்க வேண்டாம். கனடாவில் உரிமம், அனுமதிச்சீட்டு, மூன்று தோட்டா வரம்பு எல்லாம் அவரவர் பொறுப்பு.

பனிவாடை

நாரை, கோபம் நியாயமானது. நான் இதைத்தான் அடுத்து எழுத நினைத்தேன். இங்கே அடிபட்ட பறவையைத் தேடி எடுக்க வேண்டியது சட்டப்படியே சுட்டவரின் கடமை. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் ஒரே வரி: 35 மீட்டருக்கு அப்பால் நான் சுடுவதில்லை.

ஈரிக்கரையான், தூரம் தெரியவில்லை என்றால் தெரியும்படி செய்துகொள்ளுங்கள். விடியுமுன் பொம்மை வாத்துகளை வைக்கும்போதே மறைவிலிருந்து காலடி அளந்து, முப்பது மீட்டரில் மற்றதிலிருந்து வித்தியாசமாகத் தெரியும் ஒரு பொம்மையை வையுங்கள். அதைத் தாண்டி இருக்கும் எதையும் சுடாதீர்கள். வானத்தில் உயரே போகிறதற்கு இன்னொரு அடையாளம்: கன்னத்தின் வெள்ளைத் திட்டும் கறுப்புக் காலும் தெளிவாகத் தெரிந்தால் சுடலாம், வெறும் நிழலாகத் தெரிந்தால் போக விடலாம்.

இறங்குகிற வாத்து முன்னால் மட்டும் போவதில்லை, கீழேயும் போகிறது. அதன் உடம்பைப் பார்த்துச் சுட்டால் முதல் சூடு முதுகுக்கு மேலே போகும். காலுக்கும் கீழே இடம் விட வேண்டும். முதல் சத்தம் கேட்டதும் கூட்டம் சிறகடித்து மேலே கிளம்பும். இப்போது நீங்கள் கீழே இடம் விட்டால் இரண்டாவது சூடும் மூன்றாவதும் காலுக்குக் கீழே போகும். ஒரு துணிக்கடையில் மூன்று பேர் ஒரே சேலையை இழுப்பதுபோல எல்லோரும் கூட்டத்தின் நடுவைப் பார்த்துச் சுடுவது இன்னொரு கேடு. ஒரு வாத்து, ஒரு தலை. அது விழும்வரை வேறு வாத்து உலகத்தில் இல்லை.

படுக்கை மறைவில் வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் திரும்புவது கடினம், இடுப்பு பூட்டிக்கொள்ளும். காற்றைப் பார்த்து, வாத்துகள் எதிர்க்காற்றில் இறங்கும் இடம் உங்களுக்குச் சற்று இடப்பக்கம் வரும்படி மறைவைத் திருப்பி வையுங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பரோடு யாருக்கு எந்தப் பக்கம் என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். குழல் அந்த எல்லையைத் தாண்டவே கூடாது, வாத்து போனால் போகட்டும்.

தட்டு உடைப்பவன் (டெல்லி)

நான் துக்ளகாபாத்தில் உள்ள கர்ணி சிங் ரேஞ்சில், வானில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுடுகிறவன், பறவை சுட்டதில்லை. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் டிராப் (தட்டு சுடுகிறவரைவிட்டு விலகிப் பறக்கும்) பிரிவில் வெள்ளி வாங்கியவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் இரண்டு தட்டு ஒன்றாகக் கிளம்பும் டபுள் டிராப்பில் வெள்ளி வாங்கினார். பாரிஸ் 2024 ஒலிம்பிக்குக்குப் போன பிரித்விராஜ் தொண்டைமான் நம் புதுக்கோட்டைக்காரர்.

ஸ்கீட் என்ற தட்டு சுடும் விளையாட்டே பறவை வேட்டைப் பயிற்சிக்காகப் பிறந்தது. 1920 வாக்கில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்ற ஊரில் சார்லஸ் டேவிஸும் நண்பர்களும் காட்டுக்கோழி வேட்டைக்குக் கை பழக, கடிகாரம்போல ஒரு முழு வட்டத்தில் நின்று சுட்டார்கள். பக்கத்தில் கோழிப்பண்ணை வந்த பிறகு வட்டத்தைப் பாதியாக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் ஸ்கீட் மைதானம் அரைவட்டம்தான்.

நீங்கள் ரேஞ்சுக்குப் போனால் ஒலிம்பிக் ஸ்கீட் விதிப்படி சுடுங்கள். அதில் தட்டு கண்ணில் படும்வரை பிடங்கு இடுப்புப் பக்கம், உடுப்பில் போட்ட கோட்டில் இருக்க வேண்டும். கூப்பிட்ட பிறகு தட்டு உடனேயும் வரலாம், மூன்று நொடி கழித்தும் வரலாம். வாத்து வரும் விதமும் அதுதானே. பிடங்கைத் தோளில் வைத்துக்கொண்டே காத்திருந்து சுடுகிற டிராப் உங்களுக்கு அவ்வளவு பயன்படாது. ஒரு எச்சரிக்கை, தட்டு கிளம்பும்போதே அதிவேகம், பிறகு குறைந்துகொண்டே போகும். மிரண்ட பறவை அதற்கு நேர்மாறு.

கண்ணைப் பற்றிப் பனிவாடை சொன்னதற்கு ஆராய்ச்சியின் துணையும் இருக்கிறது. கால்கரி பல்கலைக்கழகத்தின் ஜோன் விக்கர்ஸ் விளையாட்டு வீரர்களின் பார்வை எங்கே நிலைக்கிறது என்று ஆராய்ந்தவர். அவர் வழியில் ஷாட்கன் வீரர்களைச் சோதித்தபோதும் தேர்ந்தவர்களின் பார்வை இலக்கின் மேல் முன்கூட்டியே பதிந்து, அதிக நேரம் அசையாமல் நிற்கிறது என்று தெரிந்தது.

எந்தக் கண் ஆளுகிறது என்று சோதித்தீர்களா? இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, இரண்டு கண்ணாலும் தூரத்து விளக்கு ஒன்றை அதற்குள் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் விளக்கு மறைகிறதோ அதுதான் ஆளும் கண். வலத்தோளில் சுடுகிறவருக்கு இடக்கண் ஆண்டால் சூடு இடப்பக்கம் விலகும். கண்ணாடியின் இடப்பக்கத்தில், சுடும்போது குழல் தெரியும் இடத்தில், மங்கலான டேப் சிறு துண்டு ஒட்டிப் பாருங்கள்.

ஈரிக்கரையான்

பதிலுக்குத் தாமதமாகிவிட்டது. சொன்னதையெல்லாம் செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கண் வலதுதான். 16 கஜத்தில் காகிதத்தில் சுட்டேன், முதலில் மெல்லிய ஸ்வெட்டரோடு, பிறகு பார்க்காவோடு. ஸ்வெட்டரில் ரவையின் நடு புள்ளியை ஒட்டியே இருந்தது. பார்க்காவில் உள்ளங்கை அகலத்துக்குக் கீழே இறங்கியது, ஒவ்வொரு காகிதத்திலும். பிடங்கின் முனையில், ரப்பருக்கு அடியில், ஒரு இடைத்தகடு இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டுச் சுட்டால் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. 40 கஜத்தில் மாடிஃபைட் சோக், 2ஆம் எண் எஃகு ரவை. வட்டத்துக்குள் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

டார்ச் பயிற்சியும் நடக்கிறது. மனைவி இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாவது நாள் கூரையில் உள்ள சிலந்திவலையை அடித்துவிட்டுப் பயிற்சி செய்யும்படி சொன்னார்.

சனிக்கிழமை காட்டுக்குப் போனோம். முப்பது மீட்டரில் பொம்மை வைத்தேன், அதற்கு அப்பால் போன இரண்டு கூட்டங்களை விட்டுவிட்டேன். மூன்றாவது கூட்டத்தில் முதல் வாத்து சுத்தமாக விழுந்தது. இரண்டாவது சூடு தவறியது. மேலே கிளம்பிய வாத்துக்குக் கீழே போயிருக்கும் என்று நினைக்கிறேன். மணியில் டேப் இன்னும் ஒட்டியிருக்கிறது.

பழைய துவக்கு

இரண்டாவது சூடு தவறியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். முதல் வாத்து விழுகிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள். கன்னம் பிடங்கைவிட்டுப் போனால் மறுபடி சேராது. முதல் சூட்டுக்குப் பிறகு துவக்கைத் தோளிலிருந்து கொஞ்சம் இறக்கி, அடுத்த வாத்தைக் கண்ணால் பிடித்து, புதிதாகத் தோளுக்கு எடுங்கள். அதற்கு நேரம் போதாது என்று நினைப்பீர்கள். போதும்.

கணக்குப்பிள்ளை

வாங்காமல் விட்ட சோக்கின் விலைக்குப் பல சுற்றுத் தட்டு சுடலாம். ஞாயிறு காலை நான் எங்கள் கிளப்பில் இருப்பேன், விருந்தாளியாக வரலாம். குறுக்கே போகும் தட்டுகள் மட்டும் போதும், ஸ்கீட் அரைவட்டத்தின் நடு நிலையத்திலிருந்து. நீங்கள் எவ்வளவு முன்னால் விட்டதாக நினைக்கிறீர்கள், உண்மையில் எங்கே போகிறது என்று நான் பின்னால் நின்று சொல்கிறேன்.

ஈரிக்கரையான்

வருகிறேன் ஐயா. பனிவாடை அக்கா சொன்னதுபோலத்தான் சுடுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை

சுடுங்கள். நான் அளக்கிறேன். அந்தப் பார்க்காவைப் போட்டுக்கொண்டு வர மறக்காதீர்கள்.